காகிதத்தில் பாய்க்கப்பல்: அன்னபூரணி மாதிரி

காகிதக் கப்பல் மாதிரி என்பது தடித்த தாளில் வரைந்த பாகங்களை வெட்டி, மடித்து, ஒட்டி, உண்மையான ஒரு கலத்தை அளவு குறைத்து உருவாக்கும் கலை. ஐரோப்பாவில் இதற்கு உறுதியான மரபு உண்டு. போலந்தில் ‘மாவி மொடெலாஷ்’ இதழ் 1957 முதல் வெட்டி ஒட்டும் தாள்களை வெளியிட்டு வந்தது. ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் தாள்கள் 1:250 அளவைக் கப்பல் மாதிரிகளுக்குரிய பொது அளவாக்கின. இலங்கையின் நம் கலங்களுக்கு அப்படி ஆயத்தத் தாள் கிடைப்பது அரிது. செய்பவரே வரைய வேண்டியிருக்கிறது. இங்கு இந்தக் கலையின் கடினமும் சுவையும் அந்த வரைதலில்தான் இருக்கின்றன.

அப்படி வரைந்து தொடங்க எளிய கலம் கால்வாய்ப் படகு. கொழும்புக்கு வடக்கே, களனி கங்கை கடலில் விழும் இடத்தை அடுத்து ஹெந்தளை இருக்கிறது. பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய ஹாமில்டன் கால்வாய் இப்பகுதி வழியாக நீர்கொழும்பை நோக்கிச் செல்கிறது. ஓலைக்கூரை வேய்ந்த தட்டையடிச் சரக்குப் படகுகள் ஒருகாலத்தில் இத்தகைய கால்வாய்களில் ஓடின. முதன்முதலாகக் காகிதம் வெட்டுபவர் அத்தகைய படகில் தொடங்குவது நல்லது. தட்டையான அடியும் நேரான பக்கங்களும் ஒரே திசையில் வளைந்தால் போதும். காகிதம் அப்படித்தான் வளையும். ஒரே தாளை இரு திசைகளில் வளைக்க முயன்றால் கசங்கிவிடும்.

பாய்க்கப்பலின் உடல் அப்படியல்ல. இதற்கு நமக்குரிய சிறந்த எடுத்துக்காட்டு அன்னபூரணி. வட இலங்கையின் வல்வெட்டித்துறை ஓடாவிகள் (கப்பல் கட்டும் தச்சர்கள்) வேப்பமரத்தில் கட்டிய இரு பாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் இதை வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘ஃபுளொரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று மாற்றினார். தண்டயல் (கப்பல் தலைவர்) தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் அதை அத்திலாந்திக் கடலைக் கடந்து செலுத்தினர். 1938 ஓகஸ்ட் மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் கப்பல் சேர்ந்தது.

அக்காலத்துக் கரையோர ஓடாவிகள் தாளில் வரைந்து கப்பல் கட்டியவர்கள் அல்லர். ஏரா என்ற அடிமரத்தை நிறுத்தி, வங்குகள் என்ற விலாச் சட்டங்களைக் கண்ணளவாலும் பழக்கத்தாலும் பொருத்தினார்கள். அவர்கள் வரையாத வரைபடத்தை மாதிரி செய்பவர் பின்னோக்கிச் சென்று வரைய வேண்டும். புகைப்படங்கள் உதவும், ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வடிவத்தை அவை காட்டா. இங்கே பழைய மாதிரிகளே ஆவணமாகின்றன. தென்னிலங்கையின் யாத்ரா தோணியின் அமைப்பை ஆய்வாளர்கள் அறிந்ததில் தொடந்துவ குமாரகந்த விகாரையில் உள்ள மாதிரிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே ஊகித்து வரைந்த பகுதியை மாதிரியின் அடிப்பலகையில் எழுதிவைப்பது ஒழுங்கான வேலை. அதை எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறை ஊகத்தையே உண்மை என்று அளந்துவிடும்.

1:100 அளவில் அன்னபூரணியின் நீளம் 27 சென்ரிமீற்றர், அகலம் 5.8 சென்ரிமீற்றர். உடல் முழுவதும் ஒரு ஏ4 தாளின் நீளத்துக்குள் அடங்கும். 1:250 அளவில் நீளம் 11 சென்ரிமீற்றரை எட்டாது. கயிற்று வேலை கண்ணை வதைக்கும். முதலில் ஏராவுக்கு நெடுக்காக ஒரு தடித்த அட்டை. அதன் குறுக்கே வங்குகளின் வடிவில் வெட்டிய அட்டைகள். இரண்டிலும் பாதி ஆழம் கீறி ஒன்றையொன்று கவ்வவிட வேண்டும். இந்த எலும்புக்கூட்டின் மீது பிரிஸ்டல் போர்ட்டைக் குறுகிய பட்டைகளாக ஏராவிலிருந்து மேல்நோக்கி ஒட்டுவார்கள். நடுவில் பட்டைகள் இணங்கிப் படியும். அணியத்திலும் பின்புறத்திலும் முனைகளைக் குறுக்கிச் செதுக்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மை தீர்ந்த போல்பொயின்ட் பேனையால் முதலில் கோடு அழுத்திவிட்டால் மடிப்பு உடையாது. வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளையை அதே நிற நீர்வண்ணத்தால் தடவி மறைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். சோம்பி விட்டுவிட்டால் கப்பல் முழுவதும் வெள்ளைக் கோடுகள் பல்லிளிக்கும்.

பாய்மரத்துக்கு வெறும் காகிதக் குழல் போதாது; கயிறு இழுத்ததும் வளையும். உள்ளே மெல்லிய மூங்கிற் குச்சி செருகிக் காகிதம் சுற்றுவார்கள். முன்மரத்தின் சதுரப் பாய்களைத் தாங்கும் பருமல்களுக்குத் தென்னை ஈர்க்கு மிகப் பொருத்தம்: நுனியை நோக்கி இயல்பாகவே மெலிந்து செல்லும். இரண்டு ஈர்க்குகளை அடியோடு அடி சேர்த்தால் இருபுறமும் ஒடுங்கிய பருமல் தயார். இரண்டு அடி அகலப் பாய்த்துணிப் பட்டை 1:100 அளவில் 6 மில்லிமீற்றர். பாய்த்தாளில் அந்த இடைவெளியில் பென்சிற் கோடு போட்டு, பென்சிலில் சுற்றி எடுத்தால் காற்றுப் பிடித்த வளைவு வரும்.

ஹெந்தளை போன்ற கடலோர, சதுப்பு நிலம் சூழ்ந்த ஊரில் ஈரக்காற்றே காகிதத்தின் பகை. ஒட்டும் முன்பே தாளின் இருபுறமும் மெல்லிய வார்னிஷ் தடவுவதும், பைண்டர் கம்மைச் சிக்கனமாகப் பூசுவதும் உடல் முறுகாமல் காக்கும். முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள்.

பின்புறத்தில் எழுதும் பெயரும் ஒரு முடிவு. குளொஸ்டரில் நின்ற தோற்றத்தைக் காட்டும் மாதிரிக்கு ரொபின்சன் வைத்த பெயரே சரி. வல்வெட்டித்துறைக் கட்டுமானத்தைக் காட்ட எண்ணிச் செய்தால் அன்னபூரணி என்று தமிழில் எழுத வேண்டும்.