காஃப்மன் வந்த வழி

கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கிவந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகள், படிவத்தில் ஓரிடத்தில் திகைத்துப் போகிறார்கள். 'குடும்பப் பெயர்' கேட்கும் இடம் அது. இனிஷியலோடு வளர்ந்தவனுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரை எழுதிவிடுகிறான். பிறகு கடல் கடந்துபோனால் அப்பா பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள்.

மத்திய ஐரோப்பிய யூதர்களும் இதே இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள்தான். அதுவரை அவர்களில் பெரும்பாலோருக்கு 'இன்னார் மகன் இன்னார்' என்பதே போதுமாக இருந்தது. 1787-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், தம் ஆட்சியிலிருந்த யூதர்கள் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 1808-இல் நெப்போலியனும் 1812-இல் பிரஷ்ய அரசும் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார்கள். பெயர் தேடியவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்தவற்றில் ஒன்று தொழில். வியாபாரிக்கு ஜெர்மன் மொழியில் காஃப்மன்.

அந்தப் பெயர் அப்போதே பழையது. ஜெர்மானியக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இடைக்காலம் முதலே புழங்கியது. 1741-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் ஏஞ்சலிகா காஃப்மன் அந்த வழியில் வந்தவர். ஆனால் யூதர்களிடம் அதற்கு இன்னொரு வேரும் உண்டு. யாக்கோபு என்ற பெயரைச் செல்லமாகக் கோப்பல், கோப்மன் என்று அழைப்பார்கள். அதுவே ஜெர்மன் காதுக்கு இசைவாகக் காஃப்மன் ஆனது. ஆகவே ஒருவர் காஃப்மன் என்பதாலேயே அவருடைய பாட்டன் தராசு பிடித்தவர் என்று முடிவு கட்டிவிட முடியாது. கிழக்கே போன பெயர் கோய்ஃப்மன், கோஃப்மன் என்றானது. அமெரிக்காவில் சிலர் கடைசியில் வரும் இரண்டு n-இல் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். சிலர் காஃப்மனைக் 'காஃபி'யின் எழுத்துகளிலேயே எழுதினார்கள்.

இந்தியாவுக்கு அந்தப் பெயரோடு வந்தவர்களில் ஒருவர் வியாபாரி அல்ல, இசைஞர். 1907-இல் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்த யூதரான வால்டர் காஃப்மன், தன் ஆய்வு வழிகாட்டி நாஜி ஆதரவாளர் என்று தெரிந்ததும் முனைவர் பட்டமே வேண்டாம் என்று விட்டவர். 1934-இல் பம்பாய் வந்து இறங்கினார். அதே ஆண்டு அங்கே ஒரு சேம்பர் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, இசை நடத்துநர் ஜூபின் மேத்தாவின் தந்தை. பின்பு 1946 வரை பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார்.

அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவராக அறியப்படுபவர் அவர்தான். தம்பூராவின் சுருதி எழும். அதன் மேல் வயலின் சிவரஞ்சனிச் சாயலில் மெல்ல ஏறும். விடிகாலையில் அடுப்பு மூட்டிக்கொண்டே அதைக் கேட்ட தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த மெட்டை முணுமுணுக்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஊரைவிட்டு ஓடிவர நேர்ந்த ஒருவர் நமக்கு அந்த மெட்டைக் கொடுத்தார். பிறகு கனடாவில் வின்னிபெக் சிம்ஃபனியை நடத்திவிட்டு, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோதும் நம் இசையை அவர் விடவில்லை. 1976-இல் தென்னிந்திய ராகங்களுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். 1984-இல் மறைந்தார்.

அவர் பிறந்த நாள் ஏப்ரல் 1. அன்று ஒரு காலையாவது, மெட்டு முடிந்த கையோடு அறிவிப்பாளர் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.