வேரடி மண்

1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், புற்றுநோய்ச் செல்லை விதை என்றும் அது போய்ச் சேரும் உறுப்பை மண் என்றும் சொன்னார். ஏற்ற மண்ணில்தான் விதை முளைக்கும். காவிரிக் கடைமடையான காரைக்காலில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சினைப்பைப் புற்றுநோய் இன்னும் ஒருபடி மேலே போகிறது: நாற்று வேரடி மண்ணோடு பெயர்வதுபோல், தன் மண்ணையும் கூடவே எடுத்துச் செல்கிறது.

நம் செல்களைச் சுற்றிலும் கொலாஜன், ஃபைப்ரோநெக்டின், லாமினின், ஹயலுரோனான் முதலியவற்றால் ஆன பின்னல் ஒன்று உண்டு. மண் என்பது அதுதான். அதில் முதன்மையான கொலாஜனின் மூவிழை வடிவத்தை 1954இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராய்ந்த கங்காரு வால் தசைநாரைத் தந்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அயராத முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்ததும் அதே ஆண்டில்தான். அந்த இரு பணிகளும் இன்று, புற்றுநோய் இந்தப் பின்னலை எப்படிப் பயன்படுத்துகிறது என்ற ஒரே கேள்வியில் வந்து சேர்வது எனக்குப் பெருமிதம் தருகிறது.

சினைப்பைக் கட்டி பெரும்பாலும் வயிற்றறைக்குள்ளேயே பரவும். உதிர்ந்த செல்கள் வயிற்றில் கோத்த நீரில் கொத்துக்கொத்தாக மிதந்து, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையில் ஒட்டுகின்றன. அவை சுரக்கும் எம்எம்பி-2 என்ற நொதி அங்குள்ள ஃபைப்ரோநெக்டினைத் துண்டாக்கும். அந்தத் துண்டுகளைச் செல்கள் இன்னும் இறுகப் பற்றும். பிறகு கொலாஜன் பெருகித் திசு விறைக்கிறது, மருந்து உள்ளே நுழையத் திணறுகிறது. வயிற்று உப்புசத்தை வாயு என்றெண்ணி நாள் கடத்தும் பெண்களிடம் இந்த வேலை ஓசையின்றி நடக்கிறது. உப்புசம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராம்ரே பட் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. மிதக்கும் கொத்துகளில் சில கரடுமுரடாகத் திரண்டிருக்கும். சில வழவழப்பாக, நடுவே உள்ளீடற்றிருக்கும். இந்த இரண்டாம் வகையைப் போர்த்தியிருந்தது கொலாஜன் கலந்த உறை. நொதியால் அதைக் கரைத்ததும் கொத்து முதல் வகையின் கரடுமுரட்டு வடிவுக்கே மாறியது.

அப்படியானால் எம்எம்பி-2 போல, பின்னலைக் குலைத்துப் பரவலுக்கு உதவும் நொதிகளை அடக்கினால் போதுமா? அதற்கென வந்த டானோமாஸ்டாட் மருந்து, முற்றிய சினைப்பைப் புற்றுநோயில் பலன் தரவில்லை. அந்த நொதிகளில் சில உடலுக்குக் காவலும் செய்கின்றன. எந்த மூலக்கூறை, நோயின் எந்தக் கட்டத்தில் தொடுவது என்பதே இனி ஆய வேண்டியது. 2016இல் தொடங்கிய காரைக்கால் ஜிப்மரின் மாணவர்கள் இதைக் கையில் எடுக்கலாம். நோயாளியின் வயிற்றிலிருந்து வடிக்கும் நீரில் செல்களைத் தேடுவதோடு, அவற்றைப் போர்த்திய உறையையும் அவர்கள் ஆராய வேண்டும்.