தாதியரா, சுவாசச் சிகிச்சையாளரா? நகையை அடகு வைக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் 'சுவாசச் சிகிச்சையாளர்' என்று ஒரு பதவி இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் அடுத்து என்ன என்று தேடும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கொரோனாக் காலத்துக்குப் பிறகு வென்டிலேட்டர் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொல்லாகிவிட்டது. கனடாவில் இருக்கும் மாமாவோ வளைகுடாவில் இருக்கும் அண்ணாவோ "அதைப் படித்தால் நல்ல சம்பளம்" என்று சொல்லிவிடுகிறார். களனியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகளை இந்தியாவுக்கு அனுப்பி இந்தப் பட்டத்தைப் படிப்பிக்க நகைகளை அடகு வைப்பதா என்று என்னிடம் கேட்டது. அதற்காகத்தான் விசாரிக்கத் தொடங்கினேன்.

இங்கே வென்டிலேட்டரை யார் பார்க்கிறார்கள்? அதன் அளவுகளை வைத்தியர் தீர்மானிக்கிறார். கட்டிலருகே நின்று சளியை உறிஞ்சி எடுப்பதும், எச்சரிக்கை ஒலி எழும்போது முதலில் ஓடுவதும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் தாதிய உத்தியோகத்தர். நெஞ்சுச் சளியை இளக்கும் பயிற்சிகளை இயன்மருத்துவர் கொடுக்கிறார். இது பிரித்தானிய வழக்கம். அங்கேயும் இது தனித் தொழிலாக வளரவில்லை. அமெரிக்காவில்தான் 1947இல் சிக்காகோவில் சங்கம் அமைத்து இதைத் தனித் தொழிலாக வளர்த்தார்கள். கனடா, சவூதி அரேபியா போன்ற நாடுகள் அந்த வழியைப் பின்பற்றின. இந்தியாவில் மணிப்பால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதைப் படிக்கலாம்.

ஆனால் இந்தியப் பட்டம் எல்லாக் கதவுகளையும் திறக்காது. அமெரிக்காவில் இத்தொழிலுக்கான பரீட்சையை எழுத, பொதுவாக அந்நாட்டுத் தர அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் இங்கே பதவியும் இல்லை. வளைகுடாவுக்குத்தான் போவது என்று குடும்பமாக முடிவெடுத்தவர்களுக்கு இது பொருந்தலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

'பிராக்டிகல் நர்ஸ்' விடயத்தில் இன்னொரு குழப்பம். வட அமெரிக்காவில் அது பதிவுபெற்ற தாதிக்கு ஒரு படி கீழே உள்ள, தனி உரிமம் கொண்ட தொழில். அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு வருடப் படிப்பு. நம் ஊரில் சில மாதங்களில் 'நர்சிங்' என்று விளம்பரப்படுத்தப்படுபவை பெரும்பாலும் தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் பயிற்சிகளே. என்விகியூ சான்றிதழுடன் பராமரிப்பாளராக வெளிநாடு செல்வது கௌரவமான வேலைதான். ஆனால் அந்தச் சான்றிதழால் ஒருவர் தாதியாக முடியாது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை தாதியர் சபையில் பதிவு செய்ய முடியுமா? பணம் கட்டுமுன் இந்தக் கேள்வியை நிறுவனத்திடம் மட்டுமல்ல, சபையிடமும் கேளுங்கள்.

அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமாவுக்குக் கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருப்பதுதான் பாடு. சில தொகுதியினர் பரீட்சை எழுதி வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் தாதியர் பட்டப்படிப்பும் இருக்கிறது. பதிவுபெற்ற தாதி பின்னர் பிரித்தானியா போக விரும்பினால் ஆங்கிலத் தேர்ச்சி, கணினிப் பரீட்சை, செயல்முறைப் பரீட்சை என்று தெளிவான பாதை உண்டு. அதிதீவிர சிகிச்சைப் பிரிவு ஒத்துவராவிட்டால் வேறு விடுதிக்கு மாறவும் முடியும். சுவாசச் சிகிச்சையாளருக்கு அவ்வளவு இடமில்லை.

மூச்சு தொடர்பான வேலையில்தான் உண்மையான ஆர்வம் என்றால், கொழும்பிலும் பேராதனையிலும் உள்ள இயன்மருத்துவப் பட்டத்தைப் பாருங்கள். களனிக்காரர்களுக்கு இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டத்தை வழங்குகிறது. நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்து மீண்டவருக்கு மறுபடி விழுங்கவும் பேசவும் பழக்குவது இத்துறையினர்தான். தமிழ் பேசும் நோயாளியைத் தமிழிலேயே பேசப் பழக்க ஆள் வேண்டும் என்பதையும், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை நிரப்பும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.