சுழல் எஞ்சினில் இடிப்பைக் கண்டறிதல்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியிலிருந்து கிளம்பும் சுடர் சீராகப் பரவிக் கலவை முழுவதையும் எரிக்க வேண்டும். சில வேளைகளில் சுடர் வந்து சேரும் முன்பே, மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகப் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் உலோக ஓசையே இடிப்பு. மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். இதைக் கேட்டறியும் கருவிகளின் வரலாறு நூறாண்டு பழமையானது. அந்தக் கருவிகள் மிகவும் தேவைப்பட்ட எஞ்சின் வகைகளில் ஒன்று மாஸ்டாவின் சுழல் எஞ்சின்.

துள்ளும் ஊசி

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவரது குழுவினரும் 'துள்ளும் ஊசி' என்ற கருவியைப் பயன்படுத்தினர. எரியறையை ஒட்டிய மெல்லிய தகட்டின்மேல் ஓர் எஃகு ஊசி நிற்கும். இடிப்பு நேர்ந்தால் ஊசி துள்ளி மின்சுற்றை இணைக்கும். அந்த மின்சாரம் நீர்த்த கந்தக அமிலத்தைப் பிரிக்க, வெளிவரும் வாயுவின் அளவைக் கொண்டு இடிப்பை அளந்தார்கள். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் அதே குழு இடிப்புக்கு மருந்தாக 1921 இல் கண்டுபிடித்த ஈயச் சேர்மம், பல பத்தாண்டுகள் உலகின் காற்றை நஞ்சாக்கியது.

1930களில் சார்லஸ் டிரேப்பர் இடிப்பின் ஓசைக்கும் எரியறையின் அளவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். உருளையின் விட்டம் 86 மில்லிமீட்டர் என்றால் ஓசை ஏறத்தாழ 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எழும். எந்த ஓசையைத் தேட வேண்டும் என்பது இவ்வாறு தெரிந்தது. 1978 இல் பியூக் நிறுவனத்தின் டர்போ வி6 எஞ்சின், உணரி வழியாக இடிப்பை அறிந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும் அமைப்புடன் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் சாப் நிறுவனம் டர்போ அழுத்தத்தையே குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது.

சுழல் எஞ்சினின் இக்கட்டு

ஃபெலிக்ஸ் வாங்கெலின் சுழல் எஞ்சின் 1957 இல் ஜெர்மனியில் என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. ஹிரோஷிமாவில் கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழு அதை மேம்படுத்தியது. 1967 இல் காஸ்மோ ஸ்போர்ட் காரும், 1978 இல் ஆர்எக்ஸ்-7 காரும் வெளிவந்தன.

இதில் எரியறை வட்டமானதன்று. நீண்டு ஒடுங்கிய பிறை போன்றது. ஆகவே உருளைக்குரிய டிரேப்பரின் கணக்கு இங்கே நேராகப் பொருந்தாது. சுழலி திரும்பும்போது வாயுவை முன்னோக்கித் தள்ளுவதால் சுடர் பின்பக்கம் எளிதில் செல்வதில்லை. அங்கே தேங்கும் கலவைதான் பெரும்பாலும் இடிக்கிறது. முக்கோணச் சுழலியின் மூன்று முனைகளிலும் 'அபெக்ஸ் சீல்' எனப்படும் பட்டைகள் உள்ளன. 1991 இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 இல் இவற்றின் தடிமன் 2 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் எஞ்சின் லேசான இடிப்பைச் சில காலம் தாங்கும். இங்கோ பலமான ஓர் இடிப்பே பட்டையை உடைத்துவிடக்கூடும். உடைந்த துண்டு அறைச்சுவரைக் கீறி, புகைவழியே சென்று டர்போவின் இறக்கைகளையும் பதம் பார்க்கும். ஓட்டுநரின் காதுக்கு எட்டும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

மாற்றியமைத்த கார்கள்

அந்தக் காரில் இரு சுழலிகளுக்கும் சேர்த்து ஒரே உணரிதான். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அது போதுமானதாக இருந்தது. உரிமையாளர்கள் புகைக்குழாயை அகலமாக்கியதும் டர்போ அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறியது. அதற்கேற்ற எரிபொருள் கிடைக்காமல் கலவை மெலிந்தது. பல எஞ்சின்கள் பாழாயின. பின்னர் ஏபெக்சி நிறுவனத்தின் 'பவர் எஃப்சி' கட்டுப்பாட்டுப் பெட்டி இடிப்பளவைக் கையடக்கத் திரையில் எண்ணாகக் காட்டியது. அந்த எண்ணை முழுதும் நம்ப முடியாது. எஞ்சினைத் தாங்கும் ரப்பரை மாற்றிக் கடினமானதைப் பொருத்தினாலோ, வெப்பத்தகடு தளர்ந்து அதிர்ந்தாலோ அதுவும் ஏறும். எனவே சீரமைப்பாளர் சிலர் உணரியின் ஒலியைக் காதொலிப்பானில் தாமே கேட்டுச் சரிபார்த்தார்கள்.

இன்றைய மேம்பாடு மூன்று படிகளில் நடக்கிறது. முதலாவது, ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்த உணரிக்குப் பதிலாகப் பரந்த அலைவரிசை உணரியை வைப்பது. இதை வாஷர் எதுவும் இடாமல், எஞ்சின் உலோகத்தோடு நேராக ஒட்டி, சுமார் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்க வேண்டும். முறுக்கம் பிசகினால் அளவும் பிசகும். இரண்டாவது, இடிப்பின் அதிர்வெண் பட்டையை மட்டும் வடிகட்டி எடுப்பது.

மூன்றாவதே முக்கியம். எரிதல் நிகழும் சில பாகை கோணத்துக்குள் மட்டும் ஓசையைக் கேட்பது. நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பில் ஒருவன் குரலைப் பிரித்தறிய, அவன் எப்போது பேசுவான் என்று தெரிந்தால் போதும் என்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அச்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சுழலியும் ஒருமுறை எரிக்கிறது. எனவே ஒரே உணரியைக் கொண்டும் எந்தச் சுழலி இடித்தது என்று பிரித்தறியலாம்.

எனினும் உணரி, நடந்து முடிந்த இடிப்பைத்தான் சொல்கிறது. ஆகவே சீரமைப்பாளர்கள் முதலில் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, கலவையைச் செறிவாக்கி, இடிப்பே இல்லாத நிலையில் ஒவ்வொரு வேகத்திலும் எழும் இயல்பான இரைச்சலைப் பதிவு செய்கிறார்கள். அதைத் தாண்டும் எதையும் இடிப்பாகவே எடுத்துக்கொண்டு, தீப்பொறியை உடனே பின்தள்ளுமாறு கட்டுப்பாட்டுப் பெட்டியை அமைக்கிறார்கள்.