தும்பறை மலையின் சிற்றுயிர்களும் நமது சரித்திரமும்

இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புரை நோக்கி ஏறும் பாதை தேயிலைச் சரிவுகளைக் கடந்து ரிவஸ்டனை எட்டும்போது மரங்கள் குறுகிவிடுகின்றன. கிளைகளிற் பாசி படர்ந்திருக்கிறது. காற்றும் மூடுபனியும் ஓய்வதே அரிது. சிங்களத்தில் தும்பறை மலைத்தொடர் என வழங்கும் இதற்கு, மடக்கிய கையின் விரல்முட்டுகளைச் சிகரங்களிற் கண்ட ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். நாட்டின் நடு மலைத்திணிவிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு இதனைப் பிரித்து நிற்கிறது. குளிர்ந்த காட்டுக்கே பழகிய சிற்றுயிர்கள் பள்ளத்தின் வெப்பத்தைக் கடக்க மாட்டா. ஆகவே, தனித்தனி மலைகளில் அடைபட்டு, நீண்ட காலத்திலே தனித்தனி இனங்களாயின. நிழலோடைகளில் ஒதுங்கி வாழும் ஊசித்தும்பிகளில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், இலங்கையிலுள்ள அதன் இனங்கள் யாவும் இத்தீவுக்கே உரியவை.

இச்செல்வத்தை ஏடுகளிற் பதிந்தவர் யார்? எதற்காகப் பதிந்தனர்?

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுடைமையென்றது. பின்னர் அக்காடு கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அவர்கள் வெட்டினர், எரித்தனர், நட்டனர், அல்ல, நடுவித்தனர். நட்ட கைகள் தமிழகத்துக் கூலிகளுடையவை. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு அவர்கள் நடந்தே வந்தார்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் ஏராளம்.

பல்லுயிர்க் காடு இருந்த இடத்தில் ஒரே பயிர் நின்றதும், அதையுண்ணும் பூச்சிக்கு விருந்தாயிற்று. 1840களிலேயே செதிற்பூச்சி கோப்பியைப் பற்றியது. தோட்டக்காரரான நீட்னர் 1861இல் கோப்பியின் பகைவரைப் பற்றியே நூல் செய்தார். கிரீன் என்பார் செதிற்பூச்சிகளை மட்டும் ஐந்து பாகங்களில், 1896 முதல் 1922 வரை, விவரித்தார். இலாபத்தைத் தின்ற பூச்சிக்கு அத்தனை கவனம்! கோப்பியை முடித்ததோ, 1869இல் தோன்றிய துருநோய். அது பூச்சியன்று, பூஞ்சணம்.

அழகிய பூச்சிகளுக்கும் நூல் உண்டு. ஃபிரெடரிக் மூரின் பெயரால் 1880–87இல் மூன்று தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. அவற்றின் வண்ணத்துப்பூச்சி ஓவியங்கள் பேராதனைப் பூங்காவின் சித்திரக்காரர் ஹர்மானிஸ் டி அல்விஸின் மைந்தர்களான வில்லியம், ஜோர்ஜ் ஆகியோரின் கைவண்ணம். அவர்களுடைய பெயர்களாவது எஞ்சின. காட்டில் வழிகாட்டியவர், வலை பிடித்தவர், பெட்டி சுமந்தவர் ஆகியோரின் பெயர்களை எந்தத் தொகுதியிலே தேடுவது?

பூச்சிகளைத் தின்று வாழும் ஓணான் ஒன்று இம்மலையில் உண்டு, வேறெங்கும் இல்லை. இலைபோன்ற மூக்குடைய அதற்கு 1861இல் டெனன்ட் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. இவர் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளர். துப்பாக்கி வரி, நாய் வரி, வீதி வரி ஆகியவற்றால் மாத்தளை மக்கள் 1848இல் கிளர்ந்தெழுந்தபோது நடந்தது இவரும் அங்கம் வகித்த ஆட்சி. புரன் அப்புவை ஆகஸ்ட் 8இல் கண்டியிலே சுட்டுக்கொன்றது அவ்வாட்சியே. டெனன்ட் இயற்கையை விரும்பிக் கற்றவர் என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் கிளர்ச்சி நடந்த மாவட்டத்தின் மலையுயிர் ஒன்று அவர் பெயரைச் சுமப்பதை வெறும் தற்செயலென்று ஒதுக்க மனம் ஒப்பவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் இன்னொரு விநோதம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இம்மலையைத் திருத்திய தொழிலாளரின் சந்ததியாரை நாடற்றோராக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவர்களிற் பலரின் நிலை அதுவே. இத்தீவுக்கே உரியதென்ற சான்றிதழ் தும்பிக்குக் கிடைத்தது, கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை!

ஏலச் செய்கையும் இக்காட்டை வருத்தியது. மேலே மரங்கள் நிற்க, கீழே இளங்கன்றுகள் அழிந்தன. காயை உலர்த்தும் அடுப்புகள் விறகைத் தின்றன. 2000ஆம் ஆண்டில் பேணற்காடாகவும், 2010இல் உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் மலை அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயின் எல்லைக்கல்லுக்கு இப்பால் வாழ்வோருக்கு அக்காட்டிலே என்ன பங்கு என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

இரத்தோட்டைக்கு அருகே விழும் அருவி பம்பரகிரி எல்ல. பம்பர என்பது சிங்களத்திலே பாறைகளிற் கூடு கட்டும் பெருந்தேனீயைக் குறிக்கும் சொல். இத்தகைய பெயர்கள் கிராமத்தார் நாவிலும் தோட்டத்து லயங்களிலும் இன்னும் எத்தனையோ இருக்கக்கூடும். இவ்வூர்ப் பாடசாலை ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு அவற்றை இரு மொழியிலும் எழுதி வைக்கலாம். பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே தொடங்கவேண்டிய வேலை அது.