பறந்தவரைக் காட்டிய விளம்பரங்கள், நின்றவர்களைக் காட்டவில்லை

போன மாதம் ஒரு கல்லூரி விடுதியில் மாணவர்களோடு பேசப் போயிருந்தேன். ஒரு அறைச் சுவரில் மூன்று படங்கள் ஒட்டியிருந்தன. அம்பேத்கர், மால்கம் எக்ஸ், அடுத்து காலை விரித்துப் பந்தோடு காற்றில் பறக்கும் மைக்கேல் ஜோர்டான். "மூணு பேரும் நம்ம ஆளுங்கண்ணா" என்றார் அந்த அறைத் தம்பி. நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மூன்றாவது படம் மனதை விட்டுப் போகவில்லை. முதல் இரண்டும் இயக்கங்கள் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த முகங்கள். மூன்றாவதில் முகமே இல்லை. அது ஒரு ஷூ கம்பெனியின் முத்திரை.

கறுப்பின மக்களின் போராட்டம் நமக்குப் புதிதல்ல. 1946இல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ், அமெரிக்காவின் பிளாக் பேந்தர்களைப் பார்த்துத்தான் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. கடிதமாகவும் துண்டறிக்கையாகவும் வந்த அந்த உறவு, கேபிள் டிவிக்குப் பிறகு கூடைப்பந்து விளம்பரமாகவும் வரத் தொடங்கியது. அப்படி வரும்போது வழியில் எதைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

கதையை ஜோர்டானிலிருந்து தொடங்கினால் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் தொடக்கம் 1946. அதில் கறுப்பின வீரர்கள் விளையாட 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எர்ல் லாய்ட், சக் கூப்பர், நேட் கிளிஃப்டன் ஆகியோர் அந்த ஆண்டில்தான் உள்ளே வந்தார்கள். அடுத்த பதினான்காவது ஆண்டில், 1964 ஜனவரி 14 அன்று, பாஸ்டன் நகரில் ஆல் ஸ்டார் ஆட்டம். ஏபிசி தொலைக்காட்சி அதை நாடு முழுக்க, மக்கள் அதிகம் பார்க்கும் மாலை நேரத்தில் ஒளிபரப்ப இருந்தது. லீக் வருடக்கணக்கில் காத்திருந்த வாய்ப்பு அது. ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், எல்ஜின் பேய்லர், ஜெரி வெஸ்ட், சங்கத் தலைவர் டாம் ஹைன்சன் என்று கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். கோரிக்கை ஓய்வூதியம். லேக்கர்ஸ் அணியின் முதலாளி தன் ஆட்டக்காரர்களை மிரட்டி ஆள் அனுப்பினார். பேய்லர் அவருக்குச் சொல்லி அனுப்பிய பதிலை இங்கே அச்சிட முடியாது. கடைசியில் கமிஷனர் வால்டர் கென்னடி வாக்குறுதி கொடுத்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். அன்று தொலைக்காட்சி நேரம் ஆட்டக்காரர்கள் கையில் ஆயுதமாக இருந்தது. அந்த நேரத்தை முதலாளிகள் விற்றிருந்தார்கள். அதை நிரப்பும் உழைப்பைத் தர மறுத்தால் என்ன ஆகும் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே ராபர்ட்சன், சங்கத் தலைவராக 1970இல் லீகின்மீது வழக்குத் தொடுத்தார். ஒரே அணிக்கு ஆயுள் முழுக்கக் கட்டுப்பட்டுக் கிடந்த நிலை அந்த வழக்கால்தான் தளர்ந்தது. 1976இல் சமரசம் ஏற்பட்டது. இன்று ஆட்டக்காரர்கள் வாங்கும் கோடிகளுக்கு அடித்தளம் இதுதான். இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

1970களின் இறுதியில் பெரும்பான்மை ஆட்டக்காரர்கள் கறுப்பினத்தவர். உடனே விளம்பரதாரர்கள் தயங்கினார்கள். கறுப்பர்கள் அதிகம் இருக்கும் ஆட்டத்தை வெள்ளையர் பார்ப்பார்களா என்று பத்திரிகைகளிலேயே வெளிப்படையாக எழுதினார்கள். 1980 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் மேஜிக் ஜான்சன் 42 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்று கொடுத்தார். சிபிஎஸ் அதைப் பதிவு செய்து, பல நகரங்களில் நள்ளிரவை ஒட்டித்தான் போட்டுக் காட்டியது. 1984இல் டேவிட் ஸ்டெர்ன் கமிஷனர் ஆனார். அதே ஆண்டு ஜோர்டான் சிகாகோ அணிக்கு வந்தார், நைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். கறுப்பு உடலை வெள்ளை வீட்டு வரவேற்பறைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்ற சிக்கலுக்கு விளம்பரக்காரர்கள் ஒரு விடை கண்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரி. தனியாகக் காற்றில் நிறுத்து. பேசவிடாதே.

1985இல் வந்த அந்த முதல் ஷூ விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். ஜோர்டான் பந்தைக் கைமாற்றிக்கொண்டு நிற்கிறார். கேமரா முகத்திலிருந்து மெல்லக் காலுக்கு இறங்குகிறது. ஷூ தெரிந்ததும் அதன்மேல் தணிக்கைப் பட்டைகள் விழுகின்றன. இந்த ஷூவை லீக் வெளியே தள்ளிவிட்டது, ஆனால் நீங்கள் போடுவதை அவர்களால் தடுக்க முடியாது என்கிறது குரல். உண்மையில் லீகின் ஆட்சேபம் சீருடைக்குப் பொருந்தாத நிறத்தைப் பற்றியது, அவ்வளவுதான். அந்த அற்ப விதியை அடக்குமுறையாகவும், காசு கொடுத்து ஷூ வாங்குவதைக் கலகமாகவும் அந்த முப்பது நொடி மாற்றிவிட்டது. முதல் ஆண்டிலேயே 10 கோடி டாலருக்கு மேல் விற்பனை.

காலணிக்குத் தடை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர்த் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தோலைப் பதப்படுத்திச் செருப்பு தைத்தவர்களுக்கே அதைப் போட்டுக்கொண்டு நடக்க உரிமையில்லை. அந்தத் தடையை உடைக்க அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த விளம்பரத்தின் தந்திரம் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

1988இல் ஸ்பைக் லீ வந்தார். கறுப்பின வாழ்க்கையைப் படமெடுத்த இயக்குநர். தன் முதல் முழுநீளப் படத்தில் தானே நடித்த மார்ஸ் பிளாக்மன் என்ற புரூக்ளின் இளைஞனை விளம்பரத்துக்குக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளையில் எடுத்த அந்த விளம்பரங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1990இல் ஏர் ஜோர்டான் ஷூவின் விலை 125 டாலர். அந்த ஆண்டு ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.80 டாலர். மார்ஸ் போன்ற ஒரு இளைஞன் 33 மணிநேரம் வேலை செய்தால் ஒரு ஜோடி. தைக்கும் பக்கத்தின் கணக்கு இன்னும் மோசம்: இந்தோனேசியாவில் நைக் ஷூ தைத்த ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டை 1992இல் ஹார்ப்பர்ஸ் இதழ் அச்சிட்டது. மணிக்குச் சுமார் 14 அமெரிக்க சென்ட்.

1990 மே மாதம், ஷூவுக்காகச் சிறுவர்கள் கொல்லப்படுவதை ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட் அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. விளம்பரம்தான் கொலை செய்தது என்று சொல்ல மாட்டேன். வேலையும் பள்ளியும் பறிபோன தெருக்களின் கதை அதைவிடப் பெரிது. அந்த ஆண்டு சரியான கேள்வியைக் கேட்டவர்கள் சிகாகோவின் ஆபரேஷன் புஷ் அமைப்பினர். கறுப்பர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், கறுப்பர்களை வைத்தே விளம்பரம் செய்கிறீர்கள், உங்கள் இயக்குநர் குழுவில், விளம்பர ஏஜென்சிகளில் கறுப்பர்கள் எங்கே என்று கேட்டு நைக்கைப் புறக்கணிக்க அழைத்தார்கள். விற்பனை பெரிதாக அடிபடவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு பயிற்சியாளர் ஜான் தாம்சனைக் கம்பெனி தன் குழுவில் சேர்த்துக்கொண்டது.

அதே 1990இல் ஜோர்டானின் சொந்த மாநிலமான வட கரோலினாவில், நிறவெறி அரசியலுக்குப் பேர்போன ஜெஸ்ஸி ஹெல்ம்ஸை எதிர்த்துக் கறுப்பினத்தவரான ஹார்வி கான்ட் செனட் தேர்தலில் நின்றார். ஆதரித்துப் பேசச் சொன்னபோது ஜோர்டான் பேசவில்லை. குடியரசுக் கட்சிக்காரர்களும் ஷூ வாங்குகிறார்களே என்று அவர் சொன்னது பிரபலம். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று 2020இல் விளக்கம் தந்தார். அடுத்த ஆண்டு, 1991இல், எல்லாக் குழந்தைகளும் அவரைப் போல ஆக ஆசைப்படும் கேட்டரேட் பான விளம்பரம் வந்தது.

அவருடைய அணியிலேயே கிரெய்க் ஹாட்ஜஸ் என்று ஒருவர் இருந்தார். மூன்று புள்ளி எறியும் போட்டியை 1990, 1991, 1992 என்று தொடர்ந்து வென்றவர். 1991 அக்டோபரில் அணி வெள்ளை மாளிகைக்குப் போனபோது, ஹாட்ஜஸ் ஆப்பிரிக்க டாஷிக்கி உடையில் போனார். ஏழைகள், கறுப்பின மக்களின் நிலை பற்றி அதிபர் புஷ்ஷுக்குத் தன் கைப்பட எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். 1992இல் அணி அவரை விடுவித்தது. வேறு எந்த என்.பி.ஏ. அணியும் எடுத்துக்கொள்ளவில்லை. 1996இல் லீகின்மீது 4 கோடி டாலர் வழக்குப் போட்டார், அதுவும் தள்ளுபடியானது. விடுதிச் சுவரில் ஒட்டவேண்டிய படம் ஹாட்ஜஸுடையது. ஆனால் அதை யார் அச்சடித்து விற்பார்கள்?

பிறகு வந்தவர்களுக்கும் இதே கணக்குதான். ஆலன் ஐவர்சனின் பின்னல் முடியையும் ராப் இசையையும் வைத்து ரீபாக் ஷூ விற்றது. லீகின் சொந்த இதழான ஹூப், அவருடைய அட்டைப்படத்தில் பச்சை குத்தியதை அழித்துவிட்டு அச்சிட்டது. 2005இல் சங்கிலி, தலைத்துணி, தொளதொள உடை எல்லாவற்றையும் தடுக்கும் உடை விதி வந்தது. விளம்பரத்தில் தெருவின் பாணி வேண்டும், அரங்க வாசலில் அது கூடாது.

2020 ஆகஸ்ட் 26. கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக்கைப் போலீஸ் முதுகில் சுட்ட மூன்றாம் நாள். மில்வாக்கி அணி ஆடுகளத்துக்கு வரவில்லை. 1964 போலவே உடைமாற்றும் அறைக்குள் இருந்துவிட்டார்கள். மற்ற அணிகளும் நின்றன, மூன்று நாள் ஆட்டமே இல்லை. பிறகு உடன்பாடு. சமூக நீதிக் கூட்டமைப்பு ஒன்று அமைப்பது. அணி முதலாளிகள் வசமிருந்த அரங்குகளைத் தேர்தலுக்கு வாக்களிக்கும் இடங்களாகத் திறக்க முயல்வது. கறுப்பின மக்கள் பல மணிநேரம் வரிசையில் நின்று வாக்களிக்கும் நாட்டில் அது சிறிய விஷயமல்ல. மூன்றாவது அம்சத்தைத்தான் இரண்டு முறை படித்தேன்: இனி ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்தின்போதும், தேர்தலில் பங்கெடுக்கச் சொல்லி, தொலைக்காட்சியில் விளம்பரங்கள் போடுவது.