இத்சிங்கின் கல்விச் செலவும் கடாரக் கடல்வழியும்

முதலாம் இராசேந்திர சோழன் கி.பி. 1025ஆம் ஆண்டளவிற் கடல் கடந்து பெற்ற வெற்றிகளை அவன் மெய்க்கீர்த்தி நிரல்படக் கூறுகின்றது. அதன்கண் வரும் ஸ்ரீவிசயம், மலையூர், மாநக்கவாரம், கடாரம் என்னும் பெயர்களைத் தமிழ் பயில்வார் நன்கறிவர். இந்நான்கு இடங்களையும் ஏறத்தாழ 350 ஆண்டுகட்கு முன்னரே, படையின்றி, ஏடு தேடிச் சென்ற மாணவர் ஒருவர் கடந்து போயினர் என்பதும், அவ்வழியைத் தாமே எழுதி வைத்துள்ளார் என்பதும் நம்மவரால் அத்துணை எண்ணப்படவில்லை. அவர் சீனத் துறவியாகிய இத்சிங் (கி.பி. 635–713).

கி.பி. 671ஆம் ஆண்டின் இறுதியில், தம் 37ஆம் அகவையில், கான்டன் துறையிற் பாரசீகர் கலமொன்றில் அவர் புறப்பட்டார். உடன்வர இசைந்தோர் பலரும் பின்வாங்க, இளந்துறவி ஒருவரே துணையாயினர். இருபது நாளுக்குள் ஸ்ரீவிசயம் அடைந்து, ஆறு திங்கள் வடமொழி இலக்கணம் கற்றார். ஆண்டு அத்துணைவரும் நோயுற்றுத் தாயகம் மீண்டார். மலையூரில் இரண்டு திங்கள் இருந்து கடாரம் சேர்ந்தார். சீன ஆண்டின் பன்னிரண்டாம் திங்களில் அங்கிருந்து வடக்கே கலம் செலுத்தப்பட்டது. பத்து நாட்களுக்கு மேற் சென்றபின் தோன்றிய தீவினை அவர் ‘ஆடையில்லார் நாடு’ என்கின்றார். தீவினர் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொணர்ந்து இரும்பு வேண்டினராம். இரு விரலளவு இரும்பிற்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்தது. இதுவே நக்கவாரம் என்பர் அறிஞர். நக்கம் என்னும் சொற்கு ஆடையின்மை என்ற பொருளுண்மையும் ஈண்டுக் கருதத்தக்கது.

கி.பி. 673இல் தாமிரலிப்தி சேர்ந்து, ஓராண்டு மொழி பயின்றபின், வணிகர் நூற்றுக்கணக்கானோருடன் உள்நாடு நோக்கிச் சென்றார். புத்தகயைக்குப் பத்து நாள் வழி எஞ்சியிருக்கையில், நோயால் நடை தளர்ந்து கூட்டத்திற் பின்தங்கினார். மாலைப்பொழுதில் மலைவழிக் கள்வர் வில்லேந்தி வந்து ஆடை முழுவதும் பறித்துச் சென்றனர். வெண்மேனியரைப் பிடித்துப் பலியிடுவர் என்று அவர் முன்னரே கேள்வியுற்றிருந்தார். ஆதலின் சேற்றுக் குழியில் இறங்கி உடலெங்கும் சேறு பூசி, இலைகளால் மறைத்து, கோலூன்றி நடந்தார். இரவின் இரண்டாம் யாமத்தில் ஊர்ப்புறத்தே நின்று தம்மை அழைக்கும் சீனத் தோழர் குரல் கேட்டது. அவர் ஆடை தந்தார். இத்சிங் குளத்தில் நீராடினார். துறவொழுக்கம் கூறவந்த நூலாசிரியர் இதனை மறைத்திருத்தல் கூடும். அவர் மறைத்திலர்; ஆதலினாலேயே அவர்தம் பிற கூற்றுகளையும் நம்பத் தோன்றுகின்றது.

நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டு வாழ்ந்தார். ஆங்கிருந்த 3000க்கு மேற்பட்ட துறவியர், மணியோசை கேட்டு நூற்றுவராகவும் ஆயிரவராகவும் குளங்கட்குச் சென்று நீராடியமை, பொழுதளந்த நீர்க்கடிகை, பற்குச்சி ஆகிய யாவும் அவர் நூலில் உள. விரிப்பிற் பெருகும். காஞ்சியிற் பிறந்தவர் என யுவான் சுவாங் கூறும் தர்மபாலர் முன்னர்த் தலைமை பூண்டிருந்த கல்வி நிலையம் அது என்பதை மட்டும் ஈண்டு நினைவு கூர்தல் போதும்.

மீளும்போது ஸ்ரீவிசயத்திலேயே தங்கிச் சுவடிகளை மொழிபெயர்க்கலானார். கி.பி. 689இல் தாளும் மையும் வேண்டித் தாயகத்திற்கு மடல் அனுப்பக் கலமேறினார். அந்நேரம் காற்று வாய்த்தமையின் கலம் அவரையும் கொண்டே கான்டன் சென்றுவிட்டது! ஏடுகளோ ஸ்ரீவிசயத்தில் இருந்தன. துணைவரைக் கூட்டிக்கொண்டு அவ்வாண்டே திரும்பினார், கி.பி. 695இல்தான் நிலையாகத் தாயகம் மீண்டார்.

தம்மைப்போல் மேற்றிசைக்குக் கற்கப் போந்த 56 துறவியர் வரலாற்றையும் அவர் எழுதினார். அவருட் பெரும்பாலோர் தாயகம் திரும்பிலர். அவ்வரிசையில் வரும் வூசிங் என்பார் கடாரத்தினின்று முப்பது நாளில் நாகப்பட்டினமும், அங்கிருந்து இரு நாளில் ஈழமும் அடைந்தனர் என்ற குறிப்பே நமக்குத் தலையாயது. ஸ்ரீவிசய வேந்தன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்த நாகை விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தது கி.பி. 1006 அளவில்தான். எனவே, அரசர் நட்பினாலேயே நாகையும் கடாரமும் இணைந்தன என்பது பொருந்தாது. சோழப் பேரரசு தோன்றுதற்கு முன்னரே அத்துறையில் மாணவர் இறங்கி ஏறினர். வூசிங் நாளந்தாவிற் பயின்று, கி.பி. 685இல் இத்சிங்கிடம் விடைபெற்றுப் புறப்பட்டு, வடஇந்தியாவில் உயிர் நீத்தார். அவர் தொகுத்த சுவடிகள் மட்டுமே சீனம் சேர்ந்தன.